உப்புக் கரித்த புளியோதரை

என் மகளுக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஸ்கூலில் டிபன் பாக்ஸை விட்டெறிந்ததிலிருந்து அவளோடு விளையாடும் இரண்டு பெண்கள் ஒதுங்கிவிட்டார்கள். அதை நினைத்து வீட்டுக்கு வந்து அழுவாள். நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்று என் நாத்தனார் தில்லைநகரிலிருந்து போனிலேயே வைத்தியம் சொல்வார். கேட்டுக்கொள்வேன், செய்ய மாட்டேன். எறிகிற பிள்ளையை அடித்தால் அடிக்கவும் கற்றுக்கொள்ளும், வேறென்ன?

நானும் என் கணவரும் மட்டும் என்ன சாதுவா? குழம்பு தீய்ந்தால் யார் பார்க்கவில்லை என்று ஊரையே கூட்டுவோம். முதலில் அதை நிறுத்துவோம், அவள் தானாக மாறுவாள் என்று அவரிடம் சொன்னேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

தன் திருநட்சத்திரத்துக்கு, அதாவது பிறந்தநாளுக்கு, அந்தத் தோழிகளை அழைத்திருந்தாள். அவர்கள் வரச் சம்மதித்ததே பெரிய விஷயம். இன்றும் எதையாவது எறிந்தால் இனி வரவே மாட்டார்கள். நாத்தனாரும் வந்திருந்தார். மகளுக்குப் பிடித்த புளியோதரைதான் சமையல். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் பெருமாளுக்குக் காட்டும்முன் எதையும் ருசி பார்ப்பதில்லை. புளிக்காய்ச்சலிலேயே நான் உப்புப் போட்டிருந்தேன். அது தெரியாமல் சாதத்தைக் கலந்த என் கணவர் மறுபடி ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டார். பெருமாள் பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வாயிலேயே ஒரு தோழி குழாயடிக்கு ஓடினாள். இன்னொருத்தி சிரித்துவிட்டாள். என் மகள் முகம் சிவந்தது, தட்டு கையோடு எழுந்தது. நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கணவருக்கான அர்ச்சனை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"உன்னைக் கேக்காம நானும் உப்புப் போட்டுட்டேன்" என்றார் என் கணவர்.

"நானும் சொல்லியிருக்கணும்" என்றேன். அதோடு விட்டோம்.

தட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. மகள் அதை முறைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, வெறும் சாதம் மிச்சம் இருக்கா? அதைப் போட்டுக் கலந்தா உப்பு குறையுமோல்லியோ?"

இருந்தது. அவளே ஓடிப்போய் எடுத்துவந்தாள். தோழிகளும் சேர்ந்து கலந்தார்கள். நாத்தனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் கவனிக்காமல் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொல்லிவிட்டுத் தோழிகள் போனதும், மகள் என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தட்டை எறியணும்போலத்தான் இருந்ததாம். பின்னே ஏன் எறியவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேருமே கத்தலையே. நான் மட்டும் எப்படிம்மா எறியறது?"