அம்பு ஒட்டிய சட்டை

ஃபேக்டரியில் எல்லோரும் அவளை நேரில் "மேடம்" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் "அம்பு" என்பார்கள். காரணமில்லாமல் வந்த பெயரல்ல. சட்டை தைத்து முடிந்து செக்கிங் மேஜைக்கு வந்ததும், எங்கே தையல் கோணியிருக்கிறதோ, எங்கே நூல் பிரிந்து தொங்குகிறதோ, அங்கே சிவப்பு அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவது அந்தத் தொழிலின் வழக்கம். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடைவீதியில் முன்னால் நடக்கிறவரின் தோள் தையலைப் பார்த்தே, இதைத் தைத்தவள் அன்றைக்கு அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவாள். அந்த மனிதர் திரும்பி முறைத்தாலும் கவலைப்பட மாட்டாள்.

காலர் மிஷினில் தொடங்கியவள் அவள். லைன் என்றால் அப்படித்தான். காலர் வைக்கிறவள் காலரே வைத்துக்கொண்டிருப்பாள், அடுத்தவள் கை, அதற்கடுத்தவள் பக்கத் தையல். ஒரு முழுச் சட்டை எவள் கையிலும் உருவாகாது. இவளும் காலர், காலர், காலர் என்று வாலிபத்தைத் தைத்துத் தள்ளிவிட்டு, சூப்பர்வைசராகி, பிறகு ஃப்ளோர் முழுவதற்கும் பொறுப்பாகி, மேனேஜரின் கண்ணாடி அறைக்கு ஒரு படி கீழே வந்து நின்றாள். அந்த அறை நாற்காலிமேல் அவளுக்கு ஒரு கண். எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து தேய்த்துவிட்டுப் போன நாற்காலி. ஏன், மிஷினிலிருந்து எழுந்து வந்த ஒருத்தி உட்கார்ந்தால் கால் ஒடிந்துவிடுமா? அந்த வைராக்கியத்துக்கு அவள் எதைத்தான் கொடுக்கவில்லை! மகள் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால், ஒரு கணம் யோசித்துத்தான் பதில் சொல்வாள். தையல் தெரிந்தவளின் மகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரி. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவளுக்குச் சறுக்கிய இடம் செக்கிங் மேஜை. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று போயாக வேண்டிய நாள். மேஜையிலிருந்த சட்டை ஒன்றைக் கையில் எடுத்தாள். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியவில்லை. திருப்பினாள். மறுபடி திருப்பினாள். பட்டன் தெரிகிறது, காலர் தெரிகிறது, ஆனால் அது என்ன பொருள் என்றே புத்திக்கு எட்டவில்லை. அட்டைப்பெட்டிகளின்மேல் உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல் ஓவென்று அழுதாள். எந்தக் காரணத்துக்காகவும் லைன் நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். அன்றைக்கு அவளுக்காக லைன் நின்றது.

டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. நீங்கதான் உங்கள வடிகட்டிப் பிழிஞ்சு காயப் போட்டிருக்கீங்க. ஃபேக்டரி பக்கமே போகாதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் தூங்கினாள். பகலும் தூக்கம், சாயங்காலமும் தூக்கம். தோளைக் காதுவரைக்கும் தூக்கிச் சுருண்டு, யாரோ அடிக்க வருவதுபோலத் தூங்கினாள். சில வாரம் கழித்து எழுந்து உட்கார்ந்தபோது, ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கைப்பையில் கிடந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஒழுங்காக மடிக்காத துண்டில் ஒரு அம்பு. கோணலாக மாட்டிய திரைச்சீலையில் ஒரு அம்பு. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற கணவர் முதலில் சிரித்தார்.

"ஏம்மா, சாம்பார்ல உப்பு கம்மியா இருந்தா எங்க ஒட்டுவ?"

"உங்க நாக்குல" என்றாள்.

சிரிப்பெல்லாம் மேலோடு சரி. உள்ளுக்குள் ஏக்கம் அரித்தது. காலையில் மணி அடிப்பதும், மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமி ஒரே சத்தமாகச் சேர்வதும், புதுத்துணியின் கஞ்சி வாசமும், "மேடம், மேடம்" என்று நாலு பக்கமும் கூப்பிடுவதும் அவளுக்கு வேண்டியிருந்தது. இந்த வீட்டில் யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. கணவர் தானே சமைத்துக்கொண்டார், மகள் தானே தலை வாரிக்கொண்டாள். அவள் இல்லாமலேயே ஓடப் பழகிய வீடு அது. விருந்தாளி மாதிரி சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்காவிடம் போனில் புலம்பினால், அவளோ, "செக்குமாட்ட அவுத்துவிட்டாலும் அது வட்டமாத்தான்டி நடக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அக்கா என்றால் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியே போன் செய்தார். "மேனேஜர் வேலைய விட்டுட்டுப் போறார். அந்தச் சீட்டு உங்களுக்குத்தான்மா. உடம்பு தேவலைன்னா திங்கக்கிழமை வந்து உக்காருங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாக்கணும்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். கணவர் மட்டும், "டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று வாயை அடைத்தாள். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்து நாற்காலி முதுகில் நீலச் சட்டை ஒன்று தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரியின் வகுப்பில் மகள் பழகத் தைத்ததாக இருக்கும் என்று கையில் எடுத்தாள். எடுத்ததும் உடம்பு சிலிர்த்தது. முன்பக்கம் தெரிந்தது! பின்பக்கம் தெரிந்தது! விரல்கள் தாமாகவே தையல் வழியே ஓடின. கண் திரும்பி வந்துவிட்டது, நாளைக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் என்கிற சந்தோஷத்தில் சுருளை எடுத்தாள். காலர் முனை ஒன்று மழுங்கல், ஒட்டினாள். ஒரு கை கொஞ்சம் நீளம், ஒட்டினாள். பட்டன் துளை கோணல், ஒட்டினாள். கீழ் மடிப்பு அலை பாய்கிறது, ஒட்டினாள். தோள் அளவு படுமோசம், முதுகுப் பக்கம் மேலே ஒன்று. ஐந்து அம்பு! இப்படிப் பசியோடு வேலை செய்து எத்தனை நாளாயிற்று!

நிமிர்ந்தால் வாசலில் மகள்.

"யாருக்குடி தச்ச இத? தோள் ரொம்பக் குறைச்சல். அளவு எடுக்கத் தெரியாம கத்திரிய எடுக்கலாமா?"

மகள் சட்டையைப் பார்த்தாள். அம்புகளைப் பார்த்தாள்.

"உனக்குத்தாம்மா தச்சேன்."

"எனக்கா?"

"திங்கக்கிழமை போட்டுக்கிட்டுப் போவேன்னு நெனச்சேன்."

"அதுக்கு என்னைக் கூப்பிட்டு அளவு எடுத்திருக்க வேண்டியதுதானே?"

"நீ என்னைக்கும்மா ஒரு இடத்துல நின்ன?" மகளின் குரல் உடைந்தது. "நீ தூங்கறப்ப அளந்தேன். நீ அசையாம இருந்ததே அப்பதான். தோளத் தூக்கிக்கிட்டு சுருண்டு கெடந்த. எட்டினவரைக்கும் அளந்தேன். குறைஞ்சுதான் போச்சு. ஒட்டு, இன்னும் ஒட்டு. என் மேலயும் ஒண்ணு ஒட்டி அனுப்பிடு. நான் திரும்பிப் போறதுக்கு எந்த லைன்மா இருக்கு?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சட்டையோடு நின்றாள். தான் தூங்கும்போது பக்கத்தில் மண்டியிட்டு, எழுந்துவிடப் போகிறாளே என்று பயந்து பயந்து டேப்பை நீட்டிய பெண்ணை நினைத்துப் பார்த்தாள். ஒருத்தியே வெட்டி, ஒருத்தியே காலர் வைத்து, ஒருத்தியே பட்டன் கட்டிய சட்டை. இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து இப்படி ஒரு சட்டைகூட வெளியே வந்ததில்லை. கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தாள். தோள் இறுக்கிப் பிடித்தது. கதவைத் தட்டி, "நல்லா இருக்குடி" என்றாள். கதவு திறக்கவில்லை. கழற்றி, அம்புகளை ஒவ்வொன்றாக, துணிக்கு வலிக்குமோ என்பதுபோல உரித்தாள்.

திங்கட்கிழமை அதே சட்டையோடு ஃபேக்டரிக்குப் போனாள். கேட்டைத் தாண்டும்போதே மிஷின் சத்தம் உள்ளங்காலில் ஏறியது, கண் கலங்கிவிட்டது. ஃப்ளோரில் எல்லாத் தலையும் நிமிர்ந்து, எல்லாத் தலையும் குனிந்தது. சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுதவள் என்று நினைத்துச் சிரிக்கிறார்களோ என்று அவளுக்குச் சுருக்கென்றது.

கண்ணாடி அறையில் முதலாளி அந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்துதான் பார்த்தாள். ஆசைப்பட்டதை உட்கார்ந்துகூடப் பார்க்காமல் வேண்டாம் என்பதற்கு அவள் என்ன சாமியாரா? சுழல் நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃப்ளோர் முழுவதும் தெரிந்தது. கைகள் ஓடின, துணிகள் நகர்ந்தன, ஒரு சத்தமும் கேட்கவில்லை. கையை இலேசாகத் தூக்கினாள். தோள் பிடித்தது. தோள் பிடிக்கும் சட்டையோடு இங்கே எவ்வளவு நாள் உட்கார முடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"சார், எனக்குச் சாம்பிள் ரூம்ல ஒரு மிஷின் குடுங்க."

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாம்பிள் ரூம் என்பது பின்கட்டில் இருக்கும் சின்ன அறை. புது ஆர்டருக்கு மாதிரிச் சட்டை அங்கேதான் தைப்பார்கள். அந்தக் கட்டடத்திலேயே ஒரு சட்டையை ஒரே ஆள் தொடங்கி ஒரே ஆள் முடிக்கிற இடம் அது ஒன்றுதான். மணி அடித்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

"ஏறுன ஏணிய விட்டு யாராவது இறங்குவாங்களாம்மா? நாளைக்கு ஆசைப்பட்டா திரும்பக் கிடைக்காது."

"தெரியும் சார். இப்பவே ஆசையாத்தான் இருக்கு" என்றாள். பொய் சொல்லவில்லை. "ஆனா ஒரு சட்டைய முழுசா தைக்கணும். இப்ப விட்டா அதுக்கு எனக்கு இனிமே நாள் இல்ல."

வெளியே வந்ததும், விசிலடித்தே மெக்கானிக்கைக் கூப்பிடுவதால் எல்லோரும் "விசில்" என்றே அழைக்கும் சூப்பர்வைசர் ஒருத்தி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், முதுகுல ஒரு அம்பு."

கை வைத்துப் பார்த்தாள். ஐந்தாவது. "வந்தப்பவே சொல்றதுக்கு என்ன?"

"உங்க மேலயே அம்பு ஒட்டுற ஆளு யாருன்னு பயந்துட்டோம் மேடம்."

"நான்தான் ஒட்டினேன், வேற யாரு?" என்று சொல்லி, அந்த ஃப்ளோரில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

சாம்பிள் ரூமில் முதல் நாளே எல்லாம் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. பக்கத் தையல் இரண்டு தடவை பிரிந்தது. கண்ணாடி அறைக்குப் புது ஆள் வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லைன் ஓடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அந்தப் பக்கமே சாய்ந்தது. அந்த ஏக்கம் இன்றைக்கும் போகவில்லை. போகும் என்றும் அவள் நினைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மணி அடித்ததும் வீட்டுக்கு வந்து, கழுத்தில் டேப்போடு மகள் முன்னால் நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெண் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எழுந்து நில்லுடி."

"எதுக்கு?"

"உனக்கு ஒரு சட்டை. முழுசும் நானே தைக்கப் போறேன்."

"எங்கிட்ட இருக்கிற சட்டையில அளவு எடுத்துக்கோ."

"சட்டைய அளக்கல. உன்ன அளக்கணும்."

மகள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். தோளில் டேப்பை வைக்க அவள் கையை உயர்த்த வேண்டியிருந்தது. கடைசியாகப் பள்ளிச் சீருடைக்கு அளந்தபோது இந்தப் பெண் அவள் இடுப்புக்குத்தான் இருந்தாள். எப்போது இவ்வளவு வளர்ந்தாள், யாரைக் கேட்டு வளர்ந்தாள்? தோள் அளந்தாள், கை அளந்தாள். மார்பளவுக்கு டேப்பைச் சுற்றிக் கொண்டுவரும்போது இரண்டு கையும் மகளைச் சுற்றி வந்தன. டேப்பின் இரண்டு முனையும் சேர்ந்த இடத்தில் எண் இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

"அளந்தாச்சா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லடி. சரியாத் தெரியல."

மகள் நகரவில்லை. தோளைத் தளர்த்தி, அம்மாவின் கைக்குள் அப்படியே நின்றாள்.

"பரவால்ல. மெதுவா பாரு. நான் நிக்கிறேன்."