திருப்பி அழைக்கும் எண்

மகன் இறந்து எட்டுச் செலவு முடிந்த மறுநாள் முற்பகல், சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. துக்கம் விசாரிக்க யாரோ என்று எடுத்தேன். மனிதக் குரல் இல்லை, மோடத்தின் கீச்சொலி. வைத்தேன். மீண்டும் அடித்தது, மீண்டும் அதே ஒலி. சமையலறையிலிருந்து ஓடிவந்த என் மனைவி, மகனின் அறை வாசலில் நின்றுவிட்டாள். அவன் இருந்த காலத்தில், "உந்தக் கீச்சிடுறதைத்தான் கட்டப்போறாய் போலை" என்று அவனைச் சீண்டியவள்.

அந்த ஒலியின் பொருளை மகன் எனக்குச் சொல்லியிருந்தான். அவன் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பொறியியலாளன். மயிலிட்டியில் அதன் கோபுரத்தடியில் ஓர் அறை. உள்ளே இரும்புச் சட்டத்தில் அடுக்கிய கருவிகள். வழமையான இணைப்பு அறுந்தால் அவற்றுக்குள் நுழையத் தொலைபேசி வழியில் ஒரு மோடம் உண்டு. அழைத்துக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அது உடனே உள்ளே விடாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, தன்னிடம் பதிந்துள்ள எண்ணைத் தானே அழைக்கும். கடவுச்சொல்லைத் திருடியவன் அந்த எண்ணில் இருக்கமாட்டான் என்பதே பாதுகாப்பு. பதிந்திருந்தது எங்கள் வீட்டு எண். கொழும்பில் எவரோ கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுக்க, மயிலிட்டி என் மகனை அழைத்துக்கொண்டிருந்தது.

அவன் காய்ச்சலில் விழுந்தபோது கொழும்பு மேலதிகாரி விடுமுறை தரவில்லை. வீட்டு எண்ணைப் பதியச் சொல்லி, படுக்கையிலிருந்தே வேலை வாங்கினார். காய்ச்சல் அவனைக் கொண்டுபோனதற்கு நான் எவர்மீதும் வழக்குப் பேசவில்லை.

பிற்பகல் யாழ்ப்பாணக் கிளையிலிருந்து ஓர் இளம் பொறியியலாளர் மடிக்கணினியுடன் வந்தார்.

"ஐயா, மயிலிட்டி இணைப்பு விழுந்து கிடக்குது. உங்கடை லைனிலை இதைக் கொழுவ விடுவியளோ?"

"நேரை போய்ச் செய்யேலாதோ?"

"அந்தப் பெட்டியிலை கை வைக்கக் கொழும்பாலை ஆள் வரவேணும் ஐயா."

"எங்கடை நம்பர் அதுக்குள்ளை எப்பிடி வந்ததெண்டு அங்கை சொல்லினம்?"

அவர் தயங்கினார். பிறகு கைத்தொலைபேசியில் இருந்த அறிக்கையைக் காட்டினார். 'ஊழியர் அனுமதியின்றித் தமது வீட்டு எண்ணைப் பதிந்துள்ளார்.'

இறந்தவன் மறுத்துச் சொல்ல வரமாட்டான் என்ற துணிவில் எழுதப்பட்ட வாக்கியம். அதை இருமுறை வாசித்தேன்.

"உம்மடை பெரியவரை எடும். எனக்கும் கேக்கிற மாதிரிப் போடும்."

"சொல்லுங்க சார்" என்றது மேலதிகாரியின் குரல்.

"என்ரை மகனுக்கு வீட்டு நம்பரைப் போடச் சொன்னது ஆர்?"

"நான்தான் சார். அப்போ ஆள் பற்றாக்குறை."

"அப்ப 'அனுமதியின்றி' எண்டதை மாத்துங்கோ. மாத்தினாப் பிறகு லைன் தாறன்."

"அவ்வளவுதானே சார்? இப்பவே மாத்திடலாம்."

இளைஞரின் தேநீர் ஆறுமுன் திருத்திய அறிக்கை வந்தது. 'அனுமதியின்றி' நீக்கப்பட்டிருந்தது. அதன் இடத்தில் 'தவறுதலாக' என்று இருந்தது. தன் கட்டளையை ஒப்புக்கொண்ட அதே வாய், என் மகனுக்கு ஒரு தவறைத் தெரிவுசெய்து கொடுத்திருந்தது.

"இது காணுமோ ஐயா?" இளைஞர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"காணாது தம்பி. நீர் தேத்தண்ணியைக் குடியும்."

கொழும்பு என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொலைபேசி அடித்தது. மனைவி மீண்டும் அறை வாசலுக்கு வந்தாள். நான் எழுந்து, சுவரிலிருந்து கம்பியைக் கழற்றினேன். ஒலி நின்றது.

"ஐயா, நான் அவருக்கு என்னெண்டு சொல்ல?"

"பதிஞ்ச நம்பரிலை ஆளில்லை எண்டு சொல்லும்."