பரமேஸ்வரிக்குப் பார்த்த வண்டி

1. கட்டுப்போட்ட கால்

கூடலூரில் பழைய பைக் வாங்கி விற்கும் கடை ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். முதலில் மெக்கானிக், பிறகு விற்பனையும் என் தலையில் விழுந்தது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு ஏற்ற வண்டியைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. பரமேஸ்வரி கணுக்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு கடைக்கு வந்த திங்கட்கிழமை காலை அந்த மிதப்பு இறங்கியது.

தேவாலா பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். நாற்பது வயதிருக்கும். பழகுவதற்கு ஒரு சின்ன பைக் வேண்டும் என்று மூன்று வாரம் முன்பு வந்திருந்தார். நான் பார்த்துக் கொடுத்த வண்டியோடுதான் இப்போது விழுந்திருக்கிறார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலண்ணே. இண்டிகேட்டர் மட்டும் ஒடஞ்சிருச்சு" என்றார். காலைப் பற்றி நானாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

2. மூன்று மணி பஸ்

முதல் நாள் அவர் வந்தபோது நான் ஸ்கூட்டரைத்தான் காட்டினேன். பெண்கள் வந்தால் எங்கள் கை தானாக அந்தப் பக்கம் நீளும்.

"ஸ்கூட்டர் வேணாண்ணே. எங்க எஸ்டேட் லைன் வூட்டுல ஒருத்தரு எறக்கத்துல பிரேக் சூடாகிப் புடிக்காம செவுத்துல முட்டிக்கிட்டாரு. கியர் வண்டின்னா இன்ஜினே புடிச்சு நிறுத்துமாமே?"

சரியான பேச்சு. மலையில் பிறந்த ஆண்பிள்ளைகளே பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு இறங்குவார்கள். இவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"ஏனுங்கம்மா, அப்படி எங்கதான் போகோணும்?"

"தெப்பக்காட்டுக்கு. வூட்டுக்காரரு அங்க யானை முகாம்ல காவடி."

காவடி என்றால் பாகனுக்கு உதவியாள். யானைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அதனால் அவருக்கும் கிடையாது. பரமேஸ்வரிக்கு எஸ்டேட் லீவு ஞாயிறு மட்டும். தேவாலாவிலிருந்து கூடலூர் ஒரு பஸ், கூடலூரிலிருந்து தெப்பக்காடு இன்னொரு பஸ். வீட்டுக்காரர் வேலை ஓய்ந்து வர மதியம் இரண்டு மணி ஆகும். இவருக்குத் திரும்ப மூன்று மணிக்கு பஸ். அதை விட்டால் தேவாலாவுக்கு இருட்டுவதற்குள் வந்து சேர முடியாது.

"ஒரு மணி நேரம்ண்ணே. புள்ளைங்க பீஸு, ரேஷன் கார்டு, கூரை ஒழுகுறதுன்னு பேசறதுக்கே பத்தல. அவரு எப்படி இருக்காருன்னு கேக்க மறந்துட்டு பஸ் ஏறிருவேன்."

3. என் தப்பு

நூறு சிசி வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எடை குறைவு, செல்ப் ஸ்டார்ட் உண்டு. காட்டு ரோட்டில் இன்ஜின் நின்றுபோனால் உதைத்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? கடை முற்றத்தில் அவரை உட்கார வைத்தேன். இரண்டு காலும் நுனியில் ஊன்றின. "போதுமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் கடை முற்றம் கூடலூரில் அபூர்வமான சமதளம். அங்கே வைத்து அளவு பார்த்ததுதான் தப்பு. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிறுத்தியவர் இடது காலை ஊன்றியிருக்கிறார். அந்தப் பக்கம் ரோடு சரிந்திருந்தது. காலுக்குத் தரை எட்டவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அந்த அம்மா விட்டது என் பேச்சை நம்பி.

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. "ஆறுற வரைக்கும் பஸ்லயே போங்கம்மா. வண்டிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"பஸ்லதாண்ணே பதினாறு வருசமா போறேன்" என்றார்.

வண்டியின் உயரத்தைக் குறைக்க உட்கார்ந்தேன். சீட்டைக் கழற்றி ஸ்பாஞ்சைச் செதுக்கினேன். பின் ஷாக் அப்சார்பரைத் தளர்த்தி வைத்தேன். கால் ஆறியதும், கடைக்குப் பின்னால் இருந்த மண் ஏற்றத்தில் அவரை நிறுத்தி நிறுத்திப் பழக்கினேன். நிறுத்தும் இடத்தை முன்னாலேயே கண்ணால் பார். முன் பிரேக்கை விடாதே. மேட்டுப் பக்கம் காலை ஊன்று. இரண்டு மாதத்தில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

4. ஞாயிற்றுக்கிழமை

முதல் தடவை தனியாகப் போன ஞாயிறு, திரும்பும் வழியில் கடை முன்னால் நிறுத்தினார். மணி ஐந்தரை. சாய்வான ரோட்டில் சரியாக மேட்டுப் பக்கம் கால் ஊன்றியிருந்தார்.

"என்னம்மா, நெறையப் பேசுனீங்களா?"

"ரெண்டு மணிக்கு வந்தாரு. பேசிக்கிட்டே இருந்தவரு அசந்து தூங்கிட்டாருண்ணே. நான் எழுப்பல. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. என் வீட்டுக்காரி மேலே மலையில் கிளென்மார்கனில் பிள்ளைகளோடு இருந்தாள். நான் கடைக்குப் பின்னால் ஒரு ரூமில். மாதத்துக்கு இரண்டு தரம் போனால் அதிகம். ஒரு தடவை கேட்டாள்: "எனக்கும் ஒரு வண்டி பழக்கி உடுங்களே. நானே வந்து பாத்துட்டுப் போறனுங்க."

"நீ பர்ஸ்ட் கியர் போடறதுக்குள்ள நான் வேலைய உட்டு ஊட்டுக்கே வந்துருவேன்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுபடி கேட்கவில்லை. நான் வேலையை விட்டு வீடு போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

இப்போது கடையில் நிற்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பழக வண்டி கேட்டு யார் வந்தாலும் சரிவில் நிறுத்திக் கால் எட்டுகிறதா பாருங்கள். யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். எத்தனையோ பேருக்கு வண்டி பார்த்துக் கொடுத்தேன். என்னைப் பார்க்க வர வேண்டும் என்று கேட்டவளுக்கு ஒன்றும் பார்க்கவில்லை.