நூற்றுப்பத்துக்கு எழுபது

அந்த அக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த பெயர் நூத்திப்பத்து. வைத்தது, அவளோடு வேலை பார்த்த நர்சுகள். நேரில் எல்லாருக்கும் அவள் அக்காதான், டாக்டர்களுக்கு மட்டும் சிஸ்டர். பெயருக்கான காரணம் ஆஸ்பத்திரிச் சுவருக்கும் தெரியும். கர்ப்பிணிகள் பிரிவில் நுழைந்ததும் இடதுபக்கம் இருக்கும் மேசை அவளுடையது. வருகிறவளின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, அவள் கொண்டுவரும் அட்டையில் எழுதி, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அக்கா எழுதினாள். பத்தொன்பது வருஷம் எழுதினாள். யாருடைய அட்டையைத் திறந்தாலும், எத்தனையாவது மாதமானாலும், நூற்றுப்பத்துக்கு எழுபது.

உடனே அவளைத் திட்டிவிடாதீர்கள். திட்ட நிறைய இடம் வருகிறது, அவசரம் வேண்டாம். வந்த புதிதில் ஒவ்வொரு கையாகப் பட்டை சுற்றிப் பார்த்தவள்தான் அவளும். பிறகு கருவியில் காற்றடிக்கும் ரப்பர் பல்ப் வெடித்தது. பிளாஸ்திரி ஒட்டினாள். இரண்டு அழுத்து அழுத்தினால் காற்று எங்கோ போய்விடும், முள் படுத்துவிடும். புதுசு கேட்டு எழுதிய கடிதங்கள் போன இடம் தெரியவில்லை. காலை எட்டு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். தொண்ணூறு பேர். ஒருத்தியை உட்காரவைத்து, அவள் மூச்சு அடங்கியதும் முறையாகப் பார்க்க ஐந்து நிமிஷமாவது வேண்டும். தொண்ணூறு பேருக்கும் ஐந்தைந்து நிமிஷத்தை யார் அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவருவது? எண் இல்லாத அட்டை உள்ளே போனாலோ டாக்டர் அதைத் திருப்பி முகத்தில் எறிவார். எண் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியும்டி எனக்கு" என்பாள் புது நர்சுகளிடம். கண்ணுக்குக் கீழே ஊதியிருப்பவளை, நடையில் தள்ளாட்டம் உள்ளவளை மட்டும் நிறுத்திவைத்து, பல்பை விரலால் அடைத்துக்கொண்டு பார்ப்பாள். அப்படி நாலைந்து பேரை நேரத்தில் பிடித்து உள்ளே அனுப்பிக் காப்பாற்றியும் இருக்கிறாள். வினையே அங்கேதான். நாலு தடவை பலித்ததும், தன் கண்ணே கருவி என்று நினைத்துவிட்டாள்.

அவளுக்கென்று இருந்தது ஒரு தங்கச்சி. அம்மா போனபோது தங்கச்சிக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா என்று ஒருவர் இருந்தார், இருந்ததோடு சரி. தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் கட்டிக்கொடுத்தது எல்லாம் அக்கா. தன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "ஒரு புள்ளையே போதும்" என்று சிரிப்பாள். அந்தப் பிள்ளைக்குத்தான் பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லை. இந்தப் பதினோரு வருஷமும் அக்கா தினம் தொண்ணூறு வயிற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வேண்டாம் என்று அழுதுகொண்டு வருகிறவள் வயிற்றிலெல்லாம் தங்குகிறது, என் தங்கச்சிக்கு மட்டும் என்ன கேடு என்று பஸ்ஸில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பாள்.

முப்பத்தெட்டாவது வயசில் தங்கச்சிக்குத் தங்கியது. அந்த வயசில் முதல் பிரசவம் என்றால் ரத்த அழுத்தத்தின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும் என்று அக்காவே ஊருக்கெல்லாம் சொல்வாள். இப்போதும் சொன்னாள்.

"வேற எங்கயும் போகாத. நான் எதுக்கு இருக்கேன்? க்யூல நிக்காத, நேரா என் மேசைக்கு வந்துடு."

தங்கச்சி அப்படியே செய்தாள். மாசாமாசம் வரிசையைத் தாண்டி வருவாள். நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அக்கா ஒரு முறை முறைத்தால் அடங்கிவிடும்.

இருபத்தெட்டாவது வாரம் அது. தங்கச்சி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

"கைய மடக்குடி. உனக்கென்ன, ராணி மாதிரி இருக்க."

"மோதிரம் கழட்ட முடியலக்கா. ரெண்டு நாளா தலை வேற விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

"ஏழாம் மாசத்துல மோதிரம் கழண்டாதான் அதிசயம். வெயில்ல வந்திருக்க, தலை வலிக்காம என்ன செய்யும்?"

"மூத்திரம் பாக்கணும்னு போன தடவ டாக்டர் எழுதியிருந்தாங்களே."

"அந்த க்யூல போய் நின்னு நீ மயங்கி விழணுமா? பேசாம இரு, நான் எழுதிக்கிறேன்."

எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. நூற்றுப்பத்துக்கு எழுபது. சிறுநீரில் ஒன்றுமில்லை. வராந்தாவில் சிறுநீர் பார்க்கும் பெண், சோதனைக் குச்சிகள் பற்றாமல், ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் நீளவாக்கில் இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு மல்லாடிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பாதிக் குச்சியாவது கிடைத்தது. சிஸ்டரின் தங்கச்சிக்கு அதுவும் இல்லை. சலுகை என்றால் அதுதான் சலுகை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்ல வாய் கூசுகிறது. அன்றைக்கு அக்காவின் பின்னால் இருந்த பீரோவில் புதுக் கருவி இருந்தது. பதினைந்து நாள் முன்பே வந்துவிட்டது. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்து இந்தக் கூட்டத்தில் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் தங்கச்சிக்கு மேல்வயிற்றில் வலி. விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி இருக்கிறது என்றாள். புருஷன் மின்சார வேலை செய்கிறவர், வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். அவர் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அட்டையைப் பிரித்தார்.

"முந்தாநாள்தான் பெரிய ஆஸ்பத்திரில பாத்திருக்காங்க. பிரஷர் நார்மல், யூரின் நார்மல். இது வெறும் அசிடிட்டிம்மா."

வெள்ளையாக ஒரு சிரப் கொடுத்து அனுப்பினார். அவர் ஒருமுறை பட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கலாம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி எழுதியதைச் சந்தேகப்பட அவருக்கு என்ன தலையெழுத்து? வாயால் சொன்ன பொய் காற்றோடு போகும். எழுதின பொய்க்குக் கால் உண்டு, எழுதியவள் வீட்டில் நிம்மதியாகத் துணி மடிக்கும்போது அது இன்னொரு தெருவில் போய் வேலை செய்யும்.

மறுநாள் காலை பாத்திரம் தேய்க்கும் இடத்தில் தங்கச்சிக்கு வலிப்பு வந்தது. நாக்கு கடிபட்டு, கண் மேலே செருகி, பக்கத்து வீட்டுக் காரில் அக்காவின் ஆஸ்பத்திரிக்கே வந்து இறங்கினாள். சேதி வந்து அக்கா மேசையிலிருந்து ஓடினாள். பிரசவ வார்டு டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: நூற்றெண்பதுக்கு நூற்றிருபது. பிறகு அட்டையைப் புரட்டினார்.

"மூணு நாள் முன்னாடி நூத்திப்பத்துக்கு எழுபது இருந்திருக்கு. சிஸ்டர், நீங்கதானே பாத்தீங்க?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"அப்போ திடீர்னு ஏறியிருக்கு. என்ன கொடுமை பாருங்க."

வலிப்பை அடக்க மக்னீசியம் ஏற்றினார்கள். அழுத்தத்தை இறக்கினார்கள். தாய் பிழைக்க வேண்டுமானால் பிள்ளையை வெளியே எடுத்தே தீரவேண்டும். குறைமாதப் பிள்ளைக்கு நுரையீரல் விரிய, தாய்க்கு ஒரு ஊசி போடுவார்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டு தடவை. முதல் ஊசி போட்டு மூன்று மணி நேரம்தான் கிடைத்தது. மறுபடியும் அழுத்தம் ஏறியது, கத்தியை எடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா ரெண்டு ஊசியும் போட்டிருக்கலாம். மருந்து கொடுத்துக் கொடுத்து இன்னும் மூணு வாரம்கூடத் தள்ளியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம்.

ஆண் பிள்ளை. தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அக்கா நின்றாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்து குழிந்து வந்தது. பத்தொன்பது வருஷமாகக் கருவியே இல்லாமல் எல்லாம் தெரிந்த அந்தக் கண்ணுக்கு இதுவும் தெரிந்தது. நாலாம் நாள் காலை பெட்டியின் விளக்கை அணைத்தார்கள்.

பதினைந்து நாள் கழித்து விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். எந்தத் தாய்க்காவது உயிர் போகிற நிலை வந்தால் வைப்பது வழக்கம். நீள மேசை, ஆறு டாக்டர்கள், நடுவே தங்கச்சியின் அட்டை. தலைமை டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அட்டை ரொம்பச் சுத்தமா இருக்கு. ஒரு விசிட்கூட விட்டுப்போகல. முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியே இல்லாத கேஸ். அப்படியே எழுதிக்குங்க."

கடைசி நாற்காலியிலிருந்து அக்கா எழுந்தாள்.

"நான் பாக்கல சார்."

"என்னம்மா?"

"பிரஷர் பாக்கல. ஒரு தடவகூடப் பாக்கல. சும்மா எழுதினேன்."

தலைமை டாக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் பேனாவைப் பார்த்தார். இந்த ஒரு அட்டை பொய் என்று எழுதினால் அலமாரி அலமாரியாக இருக்கிற மற்ற அட்டைகள் என்ன ஆவது? அதற்கெல்லாம் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் அந்த மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்க சிஸ்டர். சொந்தத் தங்கச்சி, மனசு உடைஞ்சு போய்ப் பேசறீங்க. ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அன்றைக்கு அக்கா பூசணிக்காயை எடுத்து வெளியே வைத்தாள், அவர்கள் திரும்ப வாங்கி மறைத்தார்கள்.

அவர்கள் காதில் வாங்காததை அக்கா தங்கச்சியிடம் சொன்னாள். தங்கச்சி வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். அக்கா வந்ததும், "நீ இல்லேன்னா நானும் போயிருப்பேன்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பீரோவில் இருந்த பெட்டியைக்கூட விடவில்லை.

தங்கச்சி கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நான் கைய நீட்டினேன்க்கா" என்றாள். "நீதான் மடக்கச் சொன்ன."

அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தலை பின்னி வளர்த்த பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டு அக்கா எவ்வளவு நேரம் நின்றாளோ, கடைசியில் மாப்பிள்ளைதான் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

லீவு முடிந்து வந்த அன்றே அக்கா பெட்டியைப் பிரித்தாள். ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து, பட்டையைச் சுற்றி, காற்றடித்து, காதில் குழாயை வைத்துக் கேட்டாள். முதல் நாள் எழுபது பேரைத்தான் பார்க்க முடிந்தது. மீதிப் பேர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்கள். எழுபதில் ஐந்து பேருக்கு நூற்றுநாற்பதுக்கு மேல் இருந்தது. அந்த ஐந்து முகமும் குத்துக்கல் மாதிரி நன்றாகவே இருந்தன. ஒரு நாளைக்கு ஐந்து என்றால் பத்தொன்பது வருஷத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் பேனாவை மூடிவைத்தாள். புது நர்சுகள் அவளுக்குப் பெயரை மாற்றினார்கள். இப்போது அவள் ஆமை.

இரண்டு வருஷம் போயிற்று. ஒருநாள் காலை, வரிசை வாசலைத் தாண்டி நின்றபோது, மாப்பிள்ளை மேசைக்கு வந்தார். சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார். வேறு ஆஸ்பத்திரியின் அட்டை. ஊரின் மறுகோடியில் இருக்கிறது அது, இரண்டு பஸ் மாற வேண்டும்.

அக்கா பிரித்தாள். தங்கச்சியின் பெயர். யாரோ ஒரு நர்சு கிறுக்கலாக எழுதியிருந்தாள். நூற்றுப்பதினாறுக்கு எழுபத்திரண்டு. நூற்றிருபத்திரண்டுக்கு எண்பது. நூற்றுமுப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. ஒன்றும் மற்றொன்று போல இல்லை. முப்பதாவது வாரத்தில் நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றெட்டு, அதன் கீழே சிவப்பு மையில் 'உடனே சேர்க்கவும்'. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நுரையீரலுக்கு ஊசி. பிறகு மூன்றரை வாரம், நாளுக்கு நாலு தடவை எழுதிய எண்கள்.

"பொண்ணு" என்றார் மாப்பிள்ளை. "முந்தாநேத்து. கொஞ்சம் சின்னதுதான். தானா மூச்சு விடுது."

"அவ காட்டச் சொன்னாளா?"

"இல்லக்கா. அவளுக்குத் தெரியாது. மனசு கேக்கல, நானா எடுத்துட்டு வந்தேன்."

"நான் வந்து பாக்கட்டுமா? தூர நின்னு."

அவர் அட்டையை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார். வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"இப்போ வேணாம்க்கா" என்றார்.

அவர் போன பிறகும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் அடுத்தவள் வந்து உட்கார்ந்து கையை நீட்டி எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அந்தப் பெண், சங்கடமாக. "நேரமாச்சுன்னா சும்மா எழுதிக் குடுத்துடுங்க."

அவள் கையை மடக்கப் போனாள். அக்கா அதை எட்டிப் பிடித்தாள்.

"மடக்காதம்மா" என்றாள். "நீட்டு."