தலையணை மேல் ஏறிய லேப்டாப்

கொச்சி மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷனுக்காகக் கொசுப்புகை அடிக்கும் அய்யாசாமிக்கு எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. புது மிக்ஸி வந்தாலும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுப்பார். அப்படிப்பட்ட மனுஷர், 2009-இல் மகள் சுனிதா ஷார்ஜாவிலிருந்து ஆள்வசம் கொடுத்தனுப்பிய குட்டி லேப்டாப்பை மட்டும் கவிழ்க்கவே இல்லை. எழுத்து ஓடுகிற சாமான், சரஸ்வதி ஆயிற்றே! கட்டிலில் தலையணை போட்டு, சரிகைத் துண்டு விரித்து, அதன்மேல் ஏற்றி வைத்தார். இந்த வீட்டில் மருமகனுக்குக்கூட இத்தனை மரியாதை கிடைத்ததில்லை என்று மனைவி காளியம்மை குத்திக் காட்டினாள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. பக்கத்து வைப்பின் தீவு மலையாளிப் பையன் ஷாஜியைச் சுனிதா தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அய்யாசாமி அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மகள் திரையில் வருவாள். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, கடைசியில் ஷாஜி முகம் காட்ட வரும் நேரம் பார்த்துத் திரை இருண்டுவிடும். தொட்டால் அடிப்பாகம் தோசைக்கல்லாகச் சுடும். ஏன் இப்படி என்று அய்யாசாமி மண்டையைக் குடைந்துகொள்வார். அந்தப் பயலிடமிருந்து தப்பித்தோம் என்று கொஞ்சம் நிம்மதியும் இருக்கும்.

ஒருநாள் சுனிதா ஃபோனில் அழுதாள்.

"அப்பா, அவரு வரும்போது மட்டும் எதுக்கு லேப்டாப்பைப் பூட்டுறீங்க? பிடிக்கலைன்னா நேரே பறஞ்சிடுங்க. அடுத்த வெள்ளியும் பூட்டினா இனி நான் விளிக்க மாட்டேன்."

சூடாகி அதுவே நின்றுவிடுகிறது என்று சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. உள்ளே ஒளித்திருந்த அந்த நிம்மதி அவரை உறுத்தியது.

அடுத்த வெள்ளியன்று சாமிக்குக் காட்டிய ஊதுபத்தியை, ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்புக்கும் காட்டினார். புகை சும்மா தலையணை மேல் தவழ்ந்தது. துண்டைச் சரிசெய்ய லேப்டாப்பைத் தூக்கியதும், அதே புகை அடியிலிருந்த ஓட்டைகளுக்குள் சுருக்கென்று இழுபட்டு, பக்கத்து இடுக்கு வழியாகச் சூடாக வெளியே வந்தது. தினமும் புகையோடு மாரடிக்கிறவர் வாய்பிளந்து நின்றார். அடிவயிற்றால் மூச்சு வாங்குகிற ஜீவனை இத்தனை நாள் தலையணையில் அமுக்கி வைத்திருக்கிறோமே என்று பாவமாக இருந்தது.

மேசையில்லாத அந்த வீட்டில் கெட்டியான இடம் தரைதான். காளியம்மை கூடாது கூடாது என்று தடுக்க, இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தரையில் வைத்தார். முகம் தெரியவேண்டுமே என்று தானும் எதிரே குப்புறப் படுத்தார்.

மகள் வந்தாள், பேசினாள். அவர் நடுநடுவே தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புதான். கடைசியில் ஷாஜி வந்து உட்கார்ந்தான். திரை இருளவில்லை.

அய்யாசாமி லேப்டாப்பை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தார். இதுவரை பேச்சு இந்த இடத்துக்கு வந்ததே இல்லை. சுனிதா இமைக்காமல் அவரையே பார்த்தாள். மாமனார் ஏன் தரையில் கிடக்கிறார், உடம்புக்கு என்னவோ என்று ஷாஜிதான் பதறி மலையாளத்தில் கேட்டான்.

"அச்சா, எந்தா தரையில் கிடக்குந்நது?"

"இது நின்னு போயிடக் கூடாதுன்னுதான் கெடக்கேன், மாப்ளே. நீ பேசு."