ஒரு பிடி ஆற்றுமணல்

கோவில் விக்கிரகத்தை நீராட்டும் ஆறாட்டு நாளில் ஆற்றுக்குள் இறங்கும்போது மோகனன் வலது கையைப் பொத்திப் பிடித்திருப்பார். இடது கை வீசி வரும். வலது கை மட்டும் திறக்காது. அவருடைய மகள் அஸ்வதி சின்ன வயதிலிருந்தே அதைப் பார்த்திருக்கிறாள். அப்பா கைக்குள் மந்திரம் ஒன்றைப் பொத்திக்கொண்டு போகிறார் என்று ஆறாம் வகுப்பில் கூட்டுக்காரிகளிடம் பெருமையடித்ததும் உண்டு.

செங்கல் ஊருக்கு அப்பால், நெய்யாறு வளையும் இடத்தில் இருக்கிறது ஆலங்கடவு மகாதேவர் கோவில். யார் கட்டியது என்று சொல்ல ஒரு கல்வெட்டும் கிடையாது. கதை மட்டும்தான். ஒரு துலாமாச மழை வெள்ளத்தில் விக்கிரகம் உருண்டு வந்து, படித்துறைக் கடவுக்கு நேரே உள்ள ஆழமான கயத்தில் சிக்கியதாம். கரையில் நின்ற, பூசை செய்யும் போற்றிமார் கைகூப்பினார்களே தவிர ஒருவரும் இறங்கவில்லை. வலை வீசிக்கொண்டிருந்த ஒருவன் முங்கினான். விக்கிரகத்தைத் தூக்கிக் கரையில் நின்றவர் கையில் கொடுத்தான். அந்த நேரம் காலடி மணல் நழுவியது. போனவன் போனவன்தான். அவன் வீட்டு வாரிசு ஒருவன் முன்னால் முங்கி, கால் ஊன்ற அடி உண்டு என்று காட்டாமல் இனி ஆற்றில் இறங்க மாட்டேன் என்று மகாதேவர் சொல்லிவிட்டாராம்.

அந்த வீட்டில் இப்போதைய ஆள் மோகனன். ஆறாட்டு அன்று விக்கிரகம் படித்துறைக்கு வந்ததும் கோவில் கமிட்டிச் செயலாளர் மூன்று தடவை உரக்கக் கேட்பார்: "அடி உண்டோ?" மோகனன் முங்கி, தரையிலிருந்து ஒரு பிடி மணல் அள்ளி, தலைக்கு மேலே காட்டுவார். "உண்டு!" பெண்களின் குரவை முழங்கும். பிறகுதான் போற்றி விக்கிரகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்.

மற்ற நாட்களில் மோகனன் பனச்சமூடு சந்தைக்கு வாழைக்குலை ஏற்றும் குட்டி ஆட்டோக்காரர். படிப்பு ஏழாம் வகுப்பு. அதற்கு முன்னால் மணல் வாரியவர். அக்கரை ராஜையாவின் வள்ளத்தில் நின்று, மூங்கில் கழையைப் பிடித்து முங்கி, இரும்பு வாளியில் மணல் நிறைத்து மேலே அனுப்புவார். விடியும்முன் லாரிகள் எல்லை கடந்துவிடும். மணல் வாரத் தடை வரும்வரை பதினோரு வருஷம். அஸ்வதியின் பள்ளிக்கூடச் சீருடையும் கல்லூரி ஹாஸ்டலும் அந்த வாளியிலிருந்து தொடங்கியவை.

அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை. திருவிழா மலருக்குக் கோவில் வரலாறு எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் ஸ்ரீஜித் அவளிடம்தான் வந்தார். கதையை எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: "இருபத்தெட்டு வருடங்களாக ஒருமுறைகூடத் தவறாமல் மோகனன் ஆற்றின் அடியைக் காட்டி வருகிறார்." வரலாறு படித்தவள், இதை யார் சரிபார்த்தார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்பாவிடம் என்ன கேட்பது? மலர் அச்சாகி வந்துவிட்டது.

ஆறாட்டு நாள் காலை. நான்கு நாளாக மழை. அணையின் ஷட்டரைத் திறந்திருந்தார்கள். குடையைத் தேடிக் கட்டிலுக்கடியில் குனிந்த அஸ்வதியின் கையில் ஒரு பழைய பெயிண்ட் வாளி தட்டுப்பட்டது. மேலே சாக்கு. சாக்குக்குக் கீழே மணல். ஆற்றுமணல், பொன் நிறத்தில். வீட்டைப் புதுக்கிக் கட்டியதுகூடப் பாறைப்பொடியில்தான். அப்படியிருக்க இது எதற்கு? வாளியில் கால்பங்குதான் மிச்சம். மேல்பரப்பில் ஐந்து விரல் பதிந்த புதுக்குழி. அதிலிருந்து சிந்திய மணல் பின்வாசல்வரை போயிருந்தது.

குடையை எடுக்கவில்லை. ஓடினாள்.

படித்துறைக்கு இறங்கும் வழியில் அப்பாவைப் பிடித்துவிட்டாள். செண்டைச் சத்தம் மேலே நெருங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, கையத் தொறங்க."

"மிண்டாம நில்லு மக்கா. ஆளு பாக்குது."

"கட்டிலுக்கடியில உள்ள வாளியப் பாத்தேன். ஆத்துல அடி இல்லியா?"

மோகனன் தண்ணீரைப் பார்த்தார். "நாங்க வாரினதுக்குப் பொறவு எனக்கு அடி கிட்டினதில்ல. மூச்சு தீருதுவரை போயிருக்கேன். கடைசிப் படியும் இளகிப் போச்சு."

"அப்போ இத்தர வருஷமும்?"

"பழைய போற்றிக்குத் தெரியும். மேல் படியிலேயே குந்தி முங்கிருவாரு. ஒண்ணும் வரல்லியே."

"இது அபிஜித் போற்றி அப்பா. வந்து மூணு மாசம்தான் ஆச்சு. நீந்தத் தெரியாதுண்ணு நேத்தைக்கு என்கிட்டச் சொன்னாரு. நீங்க உண்டுண்ணு சொன்னா நம்பித்தான் காலு வைப்பாரு."

"அடி இல்லேண்ணு சொன்னா ஆறாட்டு நிக்கும். நம்ம வீட்டுப் பேரும் அதோட போவும்." குரல் தாழ்ந்தது. "நீயும் எழுதியாச்சு இல்லியா?"

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தான் பதறுவது போற்றியின் உயிருக்காகவா, தன் வரி பொய்யாகிப்போனதற்காகவா?

கீழே வள்ளத்திலிருந்து ராஜையா கூப்பிட்டார். சி.எஸ்.ஐ. சபைக்காரர். ஆனாலும் ஆறாட்டுக்கு ஆண்டுதோறும் வள்ளத்தோடு வந்து நிற்பார். "எலே மோகனா, அப்பனும் மவளும் கல்யாணம் பேசுதியளா? வெள்ளம் இழுக்குது, சட்டுண்ணு வா. பாஸ்டரு கேட்டா நான் மீன் பிடிக்க வந்தவனாக்கும்." சிரித்தவர், மோகனனின் பொத்திய கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அஸ்வதிக்குப் புரிந்தது.

விக்கிரகம் வந்துவிட்டது. ஈரவேட்டியில் அபிஜித் போற்றி, குழந்தையைப் பிடிப்பதுபோல் அதை அணைத்தபடி நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். பார்வை முழுவதும் மோகனன்மேல்.

"அடி உண்டோ?" ஸ்ரீஜித்தின் முதல் குரல்.

மோகனன் இடுப்பளவு இறங்கினார்.

"அடி உண்டோ?"

மார்பளவு. வலது கை பொத்தியபடியே இருந்தது.

"அடி உண்டோ?"

முங்கினார். கலங்கல் தண்ணீர் அவர்மேல் மூடிக்கொண்டது. அஸ்வதி எண்ணத் தொடங்கி, நாற்பதில் விட்டுவிட்டாள். ராஜையா வள்ளத்தில் எழுந்து நின்றார். செண்டைக்காரர்கள் கோலை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார்கள். அவர் முங்கிய இடத்துக்கும் பத்தடி தள்ளி ஒரு கை மேலே வந்தது.

விரித்த கை. ஒரு பொட்டு மணல் இல்லை.

பழக்கதோஷத்தில் இரண்டு பெண்கள் குரவையிட்டு, பாதியில் நிறுத்தினார்கள். மோகனன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து இருமினார். "அடி இல்ல. போற்றி எறங்க வேண்டாம்."

"என்னவாக்கும் சொல்லுதீரு? இருபத்தெட்டு வருஷம் இருந்தது இன்னைக்கு எங்க போச்சு?" ஸ்ரீஜித்தின் கையில் சுருட்டிய மலர் இருந்தது.

"நான் வாரி வித்தாச்சு. காட்டினதெல்லாம் வீட்டு மணலாக்கும்."

யாரோ காறித் துப்பினார்கள். "மகாதேவரையே பற்றிச்சு ஏமாத்தின சவம்!" என்று மேலிருந்து ஒரு குரல். போற்றியின் முகம் வெளுத்திருந்தது. தனக்கு முன்னால் இருந்த படியை ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு படி பின்னால் ஏறினான். அந்த வருஷம் குடத்தில் தண்ணீர் முகந்து, கரையில் வைத்தே ஆறாட்டு நடந்தது.

கூட்டம் கலையும்முன் மோகனன் கோவில் நடைக்கு நேராகக் கைகூப்பிச் சொன்னார்: "அடுத்த ஆறாட்டுக்கு அடி காட்டித் தருவேன். அது நான் தீக்க வேண்டிய கடம்."

அதன் பிறகு அவரைத் திருவிழாக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை. சந்தையிலும் இரண்டு பேர் குலை ஏற்றுவதை நிறுத்தினார்கள். கும்ப, மீன மாசக் கோடையில் ஆறு வற்றியபோது, குவாரியில் கழித்துப்போட்ட கல்லை ஆட்டோவில் கொண்டுவந்தார். ராஜையாவின் வள்ளத்தில் ஏற்றி, கயத்துக்குள் இறக்கினார்கள். கடைசியில் அந்தப் பெயிண்ட் வாளியையும் கொண்டுபோய்க் கவிழ்த்தார். அஸ்வதி விடுமுறை நாட்களில் கூடவே போய்க் கல் எடுத்துக் கொடுத்தாள். மலரில் எழுதியதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

இடவ மாசத்தில், மழை தொடங்கிய இரண்டாம் நாள், பனச்சமூட்டில் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி ஸ்டியரிங்கில் சாய்ந்தவர்தான், பிறகு எழவில்லை.

இந்தத் துலாமாசம் ஆறாட்டுக்கு விக்கிரகம் மறுபடியும் படித்துறைக்கு வந்தது. அபிஜித் போற்றி மேல் படியில் நின்றான். பக்கத்தில் தண்ணீர்க் குடம் தயாராக இருந்தது. பதில் சொல்ல ஆளில்லை என்று தெரிந்தும், முறை தவறக்கூடாது என்று ஸ்ரீஜித் கேட்டார்: "அடி உண்டோ?"

எல்லோரும் அஸ்வதியைப் பார்த்தார்கள். அவள் வள்ளத்தைப் பார்த்தாள்.

ராஜையா கழையைத் தண்ணீரில் விட்டார். அது இறங்கியது. இன்னும் இறங்கியது. அவர் குனிந்தார்; பிடித்த கை மணிக்கட்டுவரை நனைந்தது.

"இல்ல மக்கா," என்றார். "இன்னும் கல்லு போடக் கெடக்கு."