இரண்டு பக்கமும் திறக்கிற அலமாரி

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு அலமாரி திறந்தது. ஹால் பக்கமிருந்து என் கணவர் திறந்தார். சாப்பாட்டு அறைப் பக்கமிருந்து என் அப்பா திறந்தார். ஒரே நேரத்தில்!

அலமாரி நிறைய பாட்டில்கள். பாட்டில்களுக்கு நடுவே எதிரும் புதிருமாக இரண்டு முகங்கள். பக்கத்தில் நான்... கையில் வறுத்த வேர்க்கடலைத் தட்டோடு.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

புதுச்சேரியில் சாரம் பகுதியில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து என் கணவருக்கு ஓர் ஆசை. வீட்டில் ஒரு பார் வேண்டும். அதுவும் பழசாக, பிரெஞ்சுக்காரர்கள் காலத்துச் சாமானாக வேண்டும். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கலர் கலராகப் பிரின்ட் எடுத்து வந்தார். சக்கரம் வைத்த தள்ளுவண்டி, பித்தளைக் கம்பி போட்ட கவுன்ட்டர், மார்பிள் மேஜை... "வர்றவங்க அசந்துடணும்" என்றார். வருகிறவர்கள் யார்? அவருடைய ஆபீஸ் நண்பர்கள். பாட்டிலைப் பார்த்தாலே அசந்துவிடுகிறவர்கள் — மேஜையை எங்கே பார்க்கப் போகிறார்கள்?

இருந்தாலும் சரி என்றேன். எனக்கு வேறொரு கவலை இருந்தது.

என் அப்பா விழுப்புரத்தில் இருக்கிறார். ரிடையர்ட் ரயில்வே கார்டு. அம்மா போனபிறகு அங்கே தனியாகத்தான் இருக்கிறார். அவ்வப்போது என்னைப் பார்க்க வருவார். காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, ஆறு மணி ஆனால் ரெக்ஸின் பையைத் தூக்கிக்கொள்வார். "இருங்கப்பா" என்றால், "வேல இருக்குதும்மா" என்பார். ரிடையரானவருக்கு ராத்திரியில் என்ன வேலை? இரண்டு ரவுண்டு பிராந்தி! அதை மாப்பிள்ளை வீட்டில் செய்ய முடியுமா? மாப்பிள்ளையும் மாமனார் வந்திருந்தால் வீட்டில் தொடமாட்டார். அவர் குடிப்பது இவருக்குத் தெரியும். இவர் குடிப்பது அவருக்கும் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்துவிடக் கூடாது. அதுதானே நம் ஊர் மரியாதை!

குடிப்பதற்காக ஊரே வண்டி பிடித்துப் புதுச்சேரிக்கு வருகிறது. குடிப்பதற்காகப் புதுச்சேரியை விட்டு ஓடுகிற ஒரே மனிதர் என் அப்பாதான்.

எனக்கு அது பெரிய வருத்தம். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. அப்பா ஒரு ராத்திரிகூட என் வீட்டில் தங்கியதில்லை. இரண்டு பேரும் "வாங்க", "சாப்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேசிக்கொண்டதும் இல்லை.

நிற்க. ஊருக்குள்ளேயே உப்பளம் பகுதியில் ஒரு பழைய சாமான் குடோனுக்குப் போனோம். கடைக்காரர் வாயைத் திறந்தால் கவர்னர்தான். இந்த நாற்காலி கவர்னர் உட்கார்ந்தது, அந்த மேஜையில் கவர்னர் ஒயின் குடித்தார்... இத்தனை நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்திருந்தால் அந்த மனுஷன் எப்போது ஊரை ஆண்டார்?

ஒரு பார் ஸ்டூலில் என்னை ஏறச் சொன்னார்கள். ஏறினேன். கால் தரைக்கு எட்டவில்லை, கொசுவம் கம்பியில் மாட்டிக்கொண்டது. கீழே இறக்க ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. புடவைக்காரிகளை நினைத்து எவன் ஸ்டூல் செய்தான்? ஸ்டூல் வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று. கவுன்ட்டர் எங்கள் வாசலில் நுழையாது. தள்ளுவண்டியைத் தள்ளினால் மூன்று சக்கரம் ஒரு பக்கம் போகிறது, நாலாவது தன் இஷ்டத்துக்குப் போகிறது.

அப்போதுதான் மூலையில் அதைப் பார்த்தோம். ஆளுயரத் தேக்கு அலமாரி. பழைய சாமானுக்கு என் கணவர் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். "மூஞ்சியப் பாக்காத, முதுகப் பாரு. முதுகுல பிளைவுட் இருந்தா போலி." ஆட்கள் சேர்ந்து அலமாரியைத் திருப்பினார்கள். முதுகையே காணோம்! அந்தப் பக்கமும் அதே கதவு, அதே பித்தளைக் கைப்பிடி.

"இன்னாங்க இது, முதுகே இல்ல?" என்றார் கணவர்.

"பிரெஞ்சுக்காரன் வீட்டு அலமாரி சார்" என்றார் கடைக்காரர். "சமையக்கட்டுக்கும் சாப்புடுற ரூமுக்கும் நடுவுல நிக்கும். சமையல்காரன் அந்தாண்டருந்து தட்ட வெப்பான், தொர இந்தாண்டருந்து எடுத்துக்குவாரு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேணாம்."

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க வேண்டாமா? என் மண்டையில் பல்பு எரிந்தது.

"இதையே எடுத்துக்கலாங்க!" என்றேன். கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிறவள் பேரமே பேசவில்லை. கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே அலமாரியை நிறுத்தினோம். ஹால் பக்கம் அவருடைய பாட்டில்கள். அந்தப் பக்கம் அப்பாவின் பிராந்தி, ஒரு கிளாஸ். "நீங்க ஹால் பக்கம் மட்டுந்தான் தொறக்கணும்" என்று கணவரிடம் சொன்னேன். புரிந்துகொண்டு தலையாட்டினார். நடுவில் பலகை அடிக்கத் தச்சரை வரச் சொல்லியிருந்தேன். அவர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். அதனால் ஒரு டர்க்கி டவலைக் குறுக்கே கட்டிவைத்தேன். தாங்கும் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை அப்பா வந்தார். ஆறு மணிக்கு வழக்கம்போலப் பையைத் தூக்கினார். நான் கிட்டே போய், "அப்பா... சாப்பாட்டு ரூம் பக்கக் கதவத் தொறந்து பாருங்க. ஹாலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். அப்பா போய்த் திறந்து பார்த்தார். பையைக் கீழே வைத்தார். எனக்குக் குதிக்கலாம்போல இருந்தது! கணவர் ஹாலில் டிவியில் கிரிக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் சொர்க்கம்தான். பிறகு கணவர் கதவைத் திறந்து ஐஸ் பக்கெட்டை இழுத்தார். பக்கெட்டின் பிடியில் டவல் மாட்டியிருந்தது. அதுவும் கூடவே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அப்பாவும் இரண்டாவது ரவுண்டுக்குக் கதவைத் திறந்தார்...

கணவர் விறைத்துப்போய் நின்றார். அப்பாவின் பார்வை ரெக்ஸின் பைக்குப் போனது. இரண்டு கதவுகளும் பட்டென்று சாத்திக்கொண்டன. போச்சு, இனி அப்பா நம் வாசலையே மிதிக்கமாட்டார் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டொக். டொக். அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா.

"மாப்ள..."

"மாமா?"

"ஐஸு உங்க பக்கமா இருக்குது?"

என் கணவர் பக்கெட்டை இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டு, அலமாரிக்குள் நீட்டினார். அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. கதவுகள் மறுபடி மூடின.

"ஸ்கோர் இன்னா மாப்ள?"

அங்கே ஆரம்பித்தார்கள் பாருங்கள்! சாத்திய கதவு வழியாகவே பேச்சு. அப்பா கூட்ஸ் வண்டியில் போன கதை, இவருடைய மேனேஜர் செய்கிற அழும்பு... பத்து வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. நான் கடலைத் தட்டோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். சிரிப்பும் தாங்கவில்லை, கண்ணும் கலங்கியது. விழுப்புரம் பஸ்ஸை யாரும் நினைக்கவேயில்லை.

மறுநாள் காலை காபி நேரம். "உக்காருங்க மாமா." "இருக்கட்டும் மாப்ள." முந்தின நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி! அன்றைக்கென்று பார்த்துத் தச்சர் பலகையோடு வந்து நின்றார். இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "வேணாம்!"

வீட்டுக்கு பார் சாமான் வாங்கப் போகிறீர்களா? தேக்கா, மார்பிளா என்று அப்புறம் பார்க்கலாம். உங்கள் வீட்டில் யார், யார் முகத்தைப் பார்க்காமல் குடிக்க வேண்டும் — அதை முதலில் யோசியுங்கள்.

பையோடு கிளம்பிய அப்பா, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அலமாரி ஜோரா இருக்குதும்மா. அடுத்த சனிக்கிழமையும் வர்றேன்."

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐஸ மட்டும் என் பக்கம் வெச்சிடு."